1915-க்குப் போன், இ-ஜாக்ருதியில் மனு: மதுரைக்காரருக்கு எது கைகொடுக்கும்?

டவுன்ஹால் ரோட்டில் 28,500 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ் மூன்றாம் மாதமே குளிராமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர், "நாங்க வித்ததோட சரிண்ணே, கம்பெனிக்காரங்கதான் வந்து பாக்கணும்" என்பார். கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரசருக்குத்தான் வாரண்டி, கேஸ் நிரப்பக் காசு ஆகும்" என்று சீட்டு எழுதிவிட்டுப் போவார். முதல் வருடம் முழு வாரண்டி என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் இதே பதில்தான். நிறையப் பேர் இந்த இடத்தில் சோர்ந்து போய்க் கையிலிருந்து காசு போட்டுச் சரிசெய்துகொள்கிறார்கள். சோரத் தேவையில்லை. மதுரையில் இருப்பவருக்கு இன்று மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன: தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915, இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், மாவட்ட ஆட்சியர். ஒவ்வொன்றும் வேறு வேலைக்கானது. தவறான கதவைத் தட்டிக்கொண்டே இரண்டு வருடம் போனால் ஆணையத்தின் கதவு மூடிக்கொள்ளும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எதிரில் இருப்பது பெரிய கம்பெனியோ ஆன்லைன் கடையோ என்றால் 1915 நல்ல சேவை. உள்ளூர்க் கடை மட்டும்தான் எதிரி என்றால் அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. இ-ஜாக்ருதி மனு போடும் வேலையை உண்மையாகவே எளிதாக்கிவிட்டது. மனு போட்ட பிறகு நடக்கும் வேலையை அல்ல.

1915-க்குக் கட்டணம் கிடையாது. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், தேசிய விடுமுறை நாட்களில் மட்டும் இல்லை. 17 மொழிகளில் தமிழும் உண்டு. 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பலாம். உமங் செயலியிலும் பதியலாம். போனில் பேசுவதைவிட இணையதளத்திலோ வாட்ஸ்ஆப்பிலோ பதிவது மேல். போனில் சொல்வதை அங்கே இருப்பவர் இரண்டு வரியாகச் சுருக்கி எழுதுவார். பில் படமும் சேராது. நாமே எழுதினால் பில் தேதி, பில் எண், பொருளின் சீரியல் எண், கம்பெனியிடம் ஏற்கெனவே கொடுத்த சர்வீஸ் புகார் எண், நமக்கு வேண்டியது என்ன என்ற ஐந்தும் உள்ளே போகும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் கம்பெனி ஒரு மன்னிப்பு மெயில் அனுப்பிக் கணக்கை முடிக்கும். "பொருளை மாற்றித் தர வேண்டும், இல்லையேல் 28,500 ரூபாய் திரும்ப வேண்டும்" என்று எழுதினால் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இது வழக்கிற்கு முந்தைய சமரச ஏற்பாடு. உத்தரவு போடும் அதிகாரம் இதற்கு இல்லை. உதவி மையத்தோடு கூட்டாளிகளாகச் சேர்ந்திருக்கும் கம்பெனிகளுக்குப் புகார் நேரடியாகப் போகிறது. தலைமையகத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே ஆள் இருப்பதால் கஸ்டமர் கேர் மாதக்கணக்கில் இழுத்தது நகர ஆரம்பிக்கும். கீழமாசி வீதியிலோ மேலூரிலோ இருக்கும் தனிக் கடைக்கு அப்படி யாரும் இல்லை. அந்தப் புகார்கள் பெரும்பாலும் "ஆணையத்தை அணுகவும்" என்ற ஆலோசனையோடு முடிந்துபோகும். கம்பெனி "தீர்த்துவிட்டோம்" என்று பதில் போட்டாலே புகார் மூடப்படுவதும் உண்டு. தீரவில்லை என்றால் உடனே மறுப்பு எழுதி, அந்தப் பக்கத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். பின்னால் ஆணையத்தில் அது சான்றாகும்.

ஆன்லைனில் வாங்கியது என்றால் 1915-க்கும் முன்னால் ஒரு படி. 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட் பாக்ஸில் அரட்டை அடிப்பதைவிட அந்த அதிகாரியின் மெயிலுக்கு ஒரு முறை எழுதிவிடுவது நல்லது. 48 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் அதுவே விதிமீறல்.

இனி ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் மதுரை போன்ற ஊர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை 34-ஆம் பிரிவில் இருக்கிறது: புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். உசிலம்பட்டிக்காரர் குருகிராமில் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிமீது மதுரை மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். பில்லின் அடியில் "சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். சட்டம் கொடுத்த உரிமையை பில் பறிக்க முடியாது.

எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது, பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை. 2021 டிசம்பர் விதிகளின்படி 50 லட்சம் வரை மாவட்டம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். பழைய சட்டத்தில் கேட்கும் நஷ்டஈட்டையும் கூட்டிக் கணக்கிட்டார்கள். இப்போது அப்படி இல்லை. இந்த முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்துவிட்டது. ஆகவே 28,500 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு நஷ்டஈடு கேட்டாலும் இடம் மதுரை மாவட்ட ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. "கோர்ட்டுச் செலவு தாங்காது" என்ற பயம் இந்த எண்களைத் தெரியாததால் வருவது. வக்கீல் கட்டாயமில்லை, தானே வாதாடலாம். வக்கீல் வேண்டும், வசதியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

இ-ஜாக்ருதி 2025 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் இருந்த இ-தாக்கில் உள்ளிட்ட தளங்கள் இதற்குள் வந்துவிட்டன. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து இ-தாக்கிலைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மொபைல் எண், மெயில் கொடுத்து ஓடிபி மூலம் கணக்குத் திறந்து, புதிய வழக்கு என்பதில் தமிழ்நாடு, மதுரை என்று தேர்ந்து, கொடுத்த தொகையைப் பதிந்து, இரு தரப்பு விவரங்களையும் நிரப்பி, ஆவணங்களை பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். தளத்தில் செய்யும் வேலை அரை நாள்கூட ஆகாது. அதற்கு முன்னால் தாளில் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.

ஏற்ற வேண்டியவை: பொருளடக்கம், தேதி வரிசை, தரப்பினர் பட்டியல், மனு, நோட்டரி கையொப்பமிட்ட பிரமாணப் பத்திரம், ஆவணங்கள். எல்லாப் பக்கத்துக்கும் தொடர் எண் போட்டு, பொருளடக்கத்தில் அந்த எண்ணைக் குறிக்க வேண்டும். அலுவலகம் சரிபார்த்துக் குறை இருந்தால் திருப்பி அனுப்பும். திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயம்தான்: மனுவில் கையெழுத்து ஒரு பக்கத்தில் விடுபட்டிருக்கும், பிரமாணப் பத்திரத்தில் தேதி இருக்காது, மொபைலில் எடுத்த படத்தில் பில்லின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். வெளுத்துப்போகும் தெர்மல் பில்லை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைத்தவர்கள் இங்கே தப்பிக்கிறார்கள். தாளில் தாக்கல் செய்வதானால் மூன்று செட், அதோடு எதிர்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. கடையும் கம்பெனியும் என்றால் ஐந்து செட். இணையத்தில் போட்டாலும் இந்த ஐந்தையும் தயாராக வைத்திருப்பது நல்லது, ஆணையம் கேட்கும்போது ஓட வேண்டியிருக்காது.

எதிர்தரப்பினர் யார் என்பதில்தான் மனுக்கள் அதிகம் சறுக்குகின்றன. கடையை மட்டும் சேர்த்தால் "தயாரிப்புக் குறைக்கு நான் பொறுப்பில்லை" என்பார். கம்பெனியை மட்டும் சேர்த்தால் "நாங்கள் இவருக்கு விற்கவே இல்லை" என்பார்கள். இரண்டையும் சேர்க்க வேண்டும். போர்டில் இருக்கும் கடைப்பெயர் போதாது. பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தின் தேடலில் போட்டால் சட்டப்படியான பெயரும் முகவரியும் வந்துவிடும். அந்தப் பெயரில், "உரிமையாளர்" என்று குறித்து மனு போட வேண்டும். தனிநபர் கடைகளில் இந்த ஐந்து நிமிட வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பது கடைசியில் தெரியும்.

பில்லே இல்லாமல் போவது மதுரையின் தீராத நோய். "பில் போட்டா ஜிஎஸ்டி கூடும், எஸ்டிமேட் போதும்ணே" என்ற பேச்சுக்குத் தலையாட்டி, 18 சதவீதம் மிச்சம் என்று நினைத்து, முழுப் பணத்துக்கும் ஆதாரத்தை இழக்கிறோம். பில் தராமலிருப்பதே சட்டத்தின் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறை. அதற்காக எஸ்டிமேட் சீட்டு செல்லாக்காசு என்று தூக்கிப் போட வேண்டாம். ஜிபே ரசீது, கடை முத்திரை வைத்த வாரண்டி அட்டை, சீரியல் எண் தெரியும் பொருளின் படம், டெலிவரி சீட்டு ஆகியவற்றோடு சேர்ந்தால் அது நிற்கும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பதும் இதே பிரிவில் அடிபடுகிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது தவறு. ஆனால் குறையுள்ள பொருள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் சேலைக் கலர் பிடிக்கவில்லை என்பதற்கு இந்தப் பிரிவு உதவாது. அதற்கு வழக்குப் போட்டால் தோற்போம்.

வாட்ஸ்ஆப் உரையாடல், கால் ரெக்கார்டிங், சிசிடிவி போன்றவற்றை வைப்பதானால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணுச் சான்றுகளுக்குக் கேட்கும் சான்றிதழைச் சேர்த்துவிடுங்கள். அதில் இரண்டு பகுதி: ஒன்று நாம் கையெழுத்திடுவது, மற்றது நிபுணர் கையெழுத்திடுவது. ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றுவதில்லை என்றாலும், எதிர்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். போனை மாற்றினாலும் அந்த உரையாடல் இருந்த பழைய போனை விற்க வேண்டாம்.

கேட்கும் தொகையைப் பிரித்து எழுத வேண்டும்: பொருளின் விலை, வட்டி, மெக்கானிக்குக் கொடுத்தது, மன உளைச்சலுக்கு, வழக்குச் செலவுக்கு என்று. 28,500 ரூபாய் பொருளுக்கு மன உளைச்சலாக 10 லட்சம் கேட்டால் மனு கனப்படாது, நம்பகம்தான் குறையும். குறை கண்ணுக்குத் தெரியாதது என்றால் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். அதற்கான கட்டணத்தை முதலில் நாம்தான் கட்ட வேண்டியிருக்கும்.

தொழிலுக்காக வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் இல்லை என்ற வாதம் வரும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் தானே உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர் வாங்கிய எலக்ட்ரானிக் தராசு பிழைப்புக்கானது; சுயதொழிலுக்கு விலக்கு உண்டு. ஆனால் "என் வாழ்வாதாரத்துக்காக, நானே இயக்கும் தொழிலுக்காக வாங்கினேன்" என்ற வாசகம் மனுவில் இருக்க வேண்டும். பின்னால் சொன்னால் எடுபடாது. மருத்துவமனைமீது வழக்குப் போடலாம் என்பது 1995-இலேயே முடிவான விஷயம். வக்கீல்மீது போட முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கால வரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். கம்பெனியோடு மெயில் பரிமாறிக்கொண்டிருப்பதாலேயே அந்தக் கணக்கு நின்றுவிடாது. இதைத் தெரியாமல் போனவர்கள் நிறைய.

மனு வந்த 21 நாளுக்குள் ஏற்பதா வேண்டாமா என்று முடிவாக வேண்டும்; முடிவாகாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும். எதிர்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15. அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த 45 நாளும் நோட்டீஸோடு மனு நகலும் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். நாம் கொடுத்த நகல் செட்டில் ஒரு பக்கம் குறைந்தால் "முழு நகல் வரவில்லை" என்று இழுக்க நாமே வழி கொடுத்ததாகும். சட்டத்தில் மொத்த வழக்குக்கும் மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கணக்கை நம்பித் திட்டம் போட வேண்டாம், வாய்தாக்கள் நீளும். இந்தச் சேவையில் நமக்கு மனவருத்தம் தரும் இடம் இதுதான். இணையதளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாய்தாவைச் சுருக்குவது இணையதளத்தின் கையில் இல்லை. காணொலி விசாரணைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பேரையூரிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியவர்கள் அதற்குத் தனியாக மனு கொடுத்துக் கேட்க வேண்டும்.

கலெக்டர் கதவு பலருக்குத் தெரியாதது. தவறான விளம்பரம், பலரையும் பாதிக்கும் ஏமாற்று ஆகியவற்றை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். அதே புகாரை 17-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம், திங்கள்கிழமை மனு நாளிலேயே. இங்கே நமக்குத் தனியாக நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. கோச்சிங் சென்டர்களின் "நூறு சதவீதம் வேலை" விளம்பரங்களுக்கு எதிராக 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதலே வந்திருக்கிறது. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் இணையதளங்களின் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்கிறது: மதுரை–சென்னை ஆம்னி பஸ் டிக்கெட் போடும்போது கேட்காமலே இன்சூரன்ஸைச் சேர்ப்பது, முதலில் ஒரு விலை காட்டிக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஏற்றுவது, "இன்னும் ஒரே சீட்டு" என்று பொய் அவசரம் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். இதற்குச் சான்று, முதல் பக்கத்திலிருந்து பணம் கட்டும் பக்கம் வரை எடுத்த ஸ்கிரீன் ரெக்கார்டிங். கடைசிப் பக்கப் படம் மட்டும் இருந்தால் விலை ஏறியது தெரியாது.

ஓட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்ற 2022 வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், எடுக்காவிட்டால் 1915. ஆனால் மேசையில் பரிமாறும் ஓட்டலில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்குவதைப் பற்றிப் புகார் செய்தால் நிற்காது; அது 2017-இலேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்த விஷயம். பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் அப்படி வாங்கினால் அது தவறுதான், அது சட்டமுறை எடையளவுப் பிரிவின் வேலை; தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. தெற்காவணி மூல வீதியில் நகை வாங்கியவர்கள் பிஐஎஸ் கேர் செயலியில் ஹால்மார்க் நகைக்குரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி அடையாளத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்க வேண்டும். தூய்மை குறைந்திருந்தால் அந்த வித்தியாசத்தின் இரு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் ஈடாகப் பெற விதி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு வாங்கிய ஏசிக்கோ 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கோ பில்லில் 28 சதவீதம் வரி போட்டிருந்தால் அதுவும் 1915-க்கான புகார். அன்று முதல் வரி 18.

உத்தரவு கையில் வந்த பிறகும் வேலை முடியவில்லை. எதிர்தரப்பு 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அது மாநில ஆணையத்தின் மதுரை அமர்வுக்கே வரும், சென்னைக்கு அலைய வேண்டாம். மேல்முறையீட்டுக்கு அவர்கள் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு: 71-ஆம் பிரிவில் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம், 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2003 முதல் 2020 வரை பழைய சட்டத்தின் வாசகப் பிழையால் இறுதி உத்தரவுகளை நிறைவேற்றுவதில் இருந்த சிக்கலையும் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அந்தக் கால உத்தரவுகள் பீரோவில் கிடந்தால் எடுத்துப் பார்க்கலாம். நிறைவேற்று மனு போடும் நேரத்தில் கடை போர்டு மாறியிருக்கும், வேறு பெயரில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். மனுவில் கடைப்பெயர் மட்டும் இருந்தால் வாரண்ட் போய் நிற்கும் இடமே இருக்காது. ஜிஎஸ்டி தேடலில் எடுத்த உரிமையாளர் பெயர் முதல் நாளே மனுவில் ஏறியிருந்தால், போர்டு எத்தனை முறை மாறினாலும் வாரண்ட் அவர் வீட்டுக்கே போகும்.